ஐம்பது டிஸ்க்கும் கண்டக்குழி எஞ்சினும்

வெறும் இடத்தைப் பெட்டி பெட்டியாக விலைக்கு வாங்குவதுதான் என் உத்தியோகம்.

காணி வியாபாரம் என்று நினைத்துவிடாதீர்கள். காணியென்றால் வாங்கிப் போட்டு மறந்தாலும் விலை ஏறும். நான் வாங்குவது ஹார்ட் டிஸ்க். புத்தளம் நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கிளை அலுவலகம் இருக்கிறது. கணினி, கைத்தொலைபேசி, கமராப் பெட்டி என்று எது வழக்கில் மாட்டினாலும் அதற்குள் கிடப்பதை ஒரு புள்ளி பிசகாமல் பிரதி எடுத்து, சாட்சியமாக முத்திரை வைத்துக் கொடுப்போம். பிரதி எடுப்பவர் ரிஸ்வி நானா. எடுத்ததைக் கொட்டி வைக்க டிஸ்க் வாங்கிப் போடுகிறவள் நான். உடப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இதைச் செய்கிறேன். எந்த அலுவலகத்திலாவது கொள்வனவு மேசையில் உட்கார்ந்து, ஒரு பெட்டி குண்டூசிக்காக நாலு மாடி ஏறி இறங்கியவர் நீங்கள் என்றால் மேலே படியுங்கள், நாம் ஒரே சாதி. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஒரு கறிக்கு ஒரு சட்டி

எங்கள் தொழிலின் முதல் விதி, ஒரு வழக்குக்கு இரண்டு டிஸ்க். ஒன்று முத்திரையோடு அலுமாரிக்குள் போய்விடும், மற்றதில்தான் ரிஸ்வி நானா வேலை செய்வார். வழக்கு முடியும்வரை இரண்டையும் வேறு எதற்கும் தொடக்கூடாது. நம் நாட்டில் வழக்கு எப்போது முடியும் என்று உங்களுக்கும் தெரியும். அதனால் அலுமாரிகள் நிரம்பிக்கொண்டே போகும், நானும் வாங்கிக்கொண்டே இருப்பேன்.

வருடத்துக்கு ஒருமுறை கொழும்புத் தலைமையகத்திலிருந்து கணக்காளர் வருவார். மெலிந்த மனிதர், கையில் எப்போதும் ஒரு பென்சில். ஒருமுறை அலுமாரியைத் திறந்து காட்டச் சொன்னார். வரிசையாக முத்திரை வைத்த டிஸ்க்குகளைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. "இதெல்லாம் ஒரே ஒருமுறை பாவித்ததா?" என்றார். ஓம் என்றேன். பழைய வழக்கின் பருக்கை ஒன்று புதிய வழக்கில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எங்களை நார் நாராகக் கிழித்துவிடுவார் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:

"சட்டியைக் கழுவிட்டுத்தானே மிஸ் திரும்பச் சமைக்கிறம்? உங்களுக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு கறிக்கும் புதுச் சட்டி?"

மூன்று கடை

எதை வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்டு எழுத்தில் கொட்டேசன் எடுக்க வேண்டும். கொழும்பில் உட்கார்ந்து இந்த விதியை எழுதியவருக்குப் புத்தளத்தில் மொத்தமாக டிஸ்க் தரக்கூடிய கடை ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை. அது ஹாஜியாருடைய கடை. ஆள் சிரித்த முகம். நான் படியேறும்போதே பிளேன்டீக்குச் சொல்லிவிடுவார், கூடவே மூன்று கொட்டேசனையும் அவரே ஏற்பாடு செய்துவிடுவார். முதலாவது அவருடையது. இரண்டாவது மருமகனுடைய போன் கடையினுடையது. மூன்றாவதுக்கு அவருடைய மச்சானைப் பிடிப்பார். மச்சான் வைத்திருப்பது மீன்வலைக் கடை. வலை, மிதப்பு, கயிறு, எஞ்சின் ஒயில் எல்லாம் விற்பார், டிஸ்க்கைக் கண்ணால் கண்டதில்லை. தலைமையகத்துக்கு வேண்டியது இறப்பர் முத்திரைதானே, அது வலைக் கடையிலும் இருக்கிறது.

ஒருமுறை ஹாஜியார் மக்காவுக்கு உம்றாப் பயணம் போயிருந்ததால் மச்சான் தன் கையாலேயே எழுத வேண்டியதாகிவிட்டது. எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தேன். "ஹார்ட் டிஸ்க், நாலு டெரா" என்று ஒழுங்காகத்தான் இருந்தது. அளவு என்ற இடத்தில் மட்டும் வெற்றிடம். என்ன நானா என்று கேட்டேன். வலை நிறுக்கும் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"நாலு டெரா எண்டா சுமாரா எத்தன கிலோ வரும் மிஸ்?"

நானே போட்ட முடிச்சு

இதைச் சொல்ல எனக்கு வெட்கம். ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

முன்பெல்லாம் தேவைப்படும்போது ஒன்று இரண்டாக வாங்குவோம். ஒன்று ஒரு நிறம், மற்றது வேறொரு நாட்டில் செய்தது, இலக்கங்கள் கண்டபடி கிடக்கும். ஒரு வழக்கில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, "இந்த டிஸ்க்கை எந்தச் சந்தையில் பொறுக்கினீர்கள்?" என்று கேட்டு ரிஸ்வி நானாவைக் கூனிக் குறுக வைத்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றே உட்கார்ந்து தலைமையகத்துக்கு எழுதினேன். இனிமேல் ஐம்பது ஐம்பதாகத்தான் வாங்க வேண்டும், ஒரே தொகுதியாக வர வேண்டும், எல்லாம் புதிதாக இருக்க வேண்டும், தொகுதியில் இல்லாத டிஸ்க்குக்குப் பதிவிலக்கம் கொடுக்கவே கூடாது, இலக்கமில்லாத டிஸ்க்கை வைத்து அறிக்கை வெளியே போகக்கூடாது. அதை அப்படியே சுற்றறிக்கையாக எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கணக்காளரே தொலைபேசியில் பாராட்டினார்:

"இவ்வளவு பொறுப்பா ஒருத்தரும் எழுதினதில்ல மிஸ், இதுக்கு ஒரு விதிவிலக்கும் வைக்கப் போறதில்ல!"

ஒரு பெட்டிக்கு இடம்

போர் முடிந்து சில வருடங்களில் கல்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழிக் கரையில் லொட்ஜுகள் முளைத்தன. காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்க வருவார்கள். அப்படி ஒரு லொட்ஜுக்கு முன்னால் இர்ஷாத் என்ற மீனவர் தன் வள்ளத்தை ஏற்றி வைப்பார். அது அவருடைய வாப்பா காலத்திலிருந்து ஏற்றும் இடம். விருந்தினருக்கு மீன் மணக்கிறது, வள்ளத்தை எடு என்று லொட்ஜ்காரர் சொன்னார். முடியாது என்று இர்ஷாத் சொன்னார். கொஞ்ச நாளில் லொட்ஜின் படகிலிருந்த எஞ்சின் விடியற்காலை சுபஹுத் தொழுகை நேரம் களவு போய்விட்டது என்று பொலிஸில் முறைப்பாடு வந்தது. இர்ஷாத்தைப் பிடித்து, பிணையில்லாமல் பதினாலு நாள் விளக்கமறியலில் போட்டுவிட்டார்கள்.

அவருடைய மனைவி ஸபீனா ஒரு வாரம் கழித்து எங்கள் படியேறி வந்தார். கையில் நீதிமன்ற அனுமதிக் கடிதம். லொட்ஜின் கமராப் பெட்டியை, அது இருக்கிற இடத்திலேயே வைத்து நாங்கள் பிரதி எடுக்கலாம். பெட்டியைக் கழற்றிக்கொண்டு வர அனுமதியில்லை. அதுவரை கமராவை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டதற்கு, வெள்ளைக்காரருக்குப் பாதுகாப்பில்லாமல் போய்விடும் என்று லொட்ஜ்காரர் மறுத்துவிட்டாராம். அந்தப் பெட்டி நிரம்பியதும் பழைய படத்தின் மேலேயே புதிய படத்தை எழுதும் சாதி. மூன்று வாரம் தாங்கும் என்று ரிஸ்வி நானா கணக்குப் போட்டார். அதில் ஒரு வாரம் போய்விட்டது. நீதிமன்றத்தில் அடுத்த தவணைக்கு இன்னும் ஒரு வாரம். அதற்குள் அறிக்கை போனால் இர்ஷாத் வீட்டுக்கு வரலாம், போகாவிட்டால் இன்னும் பதினாலு நாள்.

நான் அலுமாரியைத் திறந்தேன். முந்திய மாதம் ஒரு பெரிய வழக்கு கடைசி டிஸ்க் வரைக்கும் விழுங்கியிருந்தது. முத்திரை வைத்தவை அடுக்கடுக்காக இருந்தன, புதிது ஒன்றுகூட இல்லை. விஷயத்தைச் சொன்னேன். ஸபீனா என் முகத்தைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கந்தோர்ல ஒரு கமராப் பொட்டிட படம் வைக்க எடமில்லையா மிஸ்?"

அவசரப் படிவம்

ஹாஜியாரின் கடை எங்கள் அலுவலகத்திலிருந்து கூப்பிடு தூரம். கண்ணாடிப் பெட்டிக்குள் அப்போதே மூன்று டிஸ்க் கிடந்தது. நடந்துபோய் இரண்டை வாங்கி வந்தால் பின்னேரம் உள்ளே ஒன்றுமில்லாமல் துடைக்கப் போடலாம், காலையில் கண்டக்குழிக்குப் போகலாம். ஆனால் ஐம்பதாக வராத டிஸ்க்குக்கு இலக்கம் இல்லை. இலக்கம் இல்லாவிட்டால் அறிக்கை இல்லை. இந்த அறிவை உலகத்துக்கு வழங்கியவள் நான்தான். மீறி வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். பயம், அவ்வளவுதான். வேலை போய்விடும் என்ற பயம்.

ஐம்பதுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். தலைமையகம் திருப்பி அனுப்பியது, மூன்று கொட்டேசனிலும் ஒரே கையெழுத்து மாதிரி இருக்கிறதாம். மருமகனை இடது கையால் எழுத வைத்து மறுபடி அனுப்பினேன். ஐம்பதையும் ஏன் ஒரே நேரத்தில் கேட்கிறீர்கள் என்று எழுதினார்கள். உங்கள் சுற்றறிக்கைப்படி என்று பதில் போட்டேன். அதன் பிரதியை இணைக்கச் சொன்னார்கள். இதற்கிடையில் ஸபீனா ஒருநாள் விட்டு ஒருநாள் கல்பிட்டி பஸ்ஸில் வந்து, எங்கள் வாசல் கதிரையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒன்றும் கேட்கமாட்டார். என்னைப் பார்ப்பார், நான் இல்லை என்று தலையாட்டுவேன், எழும்பிப் போய்விடுவார்.

தவணை நாளும் வந்தது. எங்கள் அறிக்கை போகவில்லை. இர்ஷாத்துக்கு இன்னும் பதினாலு நாள் நீடித்தார்கள். அன்று பின்னேரம் கணக்காளரைத் தொலைபேசியில் பிடித்து, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு மேலதிகாரியிடம் சத்தம் போட்டேன். ஒரு மனிதன் மறியலில் கிடக்கிறான், இது அவசரம் என்று கத்தினேன். அவர் கோபிக்கவில்லை, குரலைத் தாழ்த்தி அன்பாகவே சொன்னார்:

"அவசரம் எண்டா அவசரப் படிவம் இருக்கே மிஸ், அதுக்கும் மூண்டு கொட்டேசன் வைக்கோணும்."

பெட்டிக்குள் கல்யாணம்

களவு நடந்து பதினெட்டாம் நாள் ஹாஜியாரின் முச்சக்கர வண்டியில் ஐம்பதும் வந்து இறங்கியது. பளபளவென்ற உறை, பிரிக்காத முத்திரை. எனக்கு அழுகை வராத குறை. புது டிஸ்க் என்றாலும் எங்கள் வழக்கப்படி ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை துடைத்து, துடைத்ததற்கு அத்தாட்சி எடுத்த பிறகுதான் பாவிப்போம். ஒரு டிஸ்க்குக்கு எட்டு மணித்தியாலமாவது பிடிக்கும். இந்தமுறை அதை விட்டுவிடுங்கள், உடனே கிளம்புவோம் என்று ரிஸ்வி நானாவிடம் கெஞ்சினேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் ஒன்றைப் பிரித்துக் கணினியில் பூட்டினார்.

திரையில் ஒரு மணப்பெண் வந்து நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளை, பின்னால் நீர்கொழும்புப் பக்கத்து ஹோட்டல் மண்டபம் மாதிரி ஒன்று. நாலு மணித்தியாலக் கல்யாணம், கேக் வெட்டும் கட்டம் உட்பட. அடுத்ததைப் பூட்டினார், அதில் ஏதோ கராஜின் கமராப் படம். பழைய டிஸ்க்குகளின் வெளிப்புறத்தைத் தேய்த்து மினுக்கி, அவை ஓடிய மணித்தியாலக் கணக்கைப் பூச்சியமாகத் திருப்பி வைத்து, புது உறை போட்டு விற்றிருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டவர்களுக்குக் கல்யாணக்காரரை வெளியே அனுப்பி வைக்க மட்டும் தோன்றவில்லை. நான் சொன்னபடி துடைக்காமல் போயிருந்தால், இர்ஷாத்தின் வழக்குக்குள் அந்தக் கேக்கும் போயிருக்கும். லொட்ஜ்காரரின் சட்டத்தரணிக்கு அது ஒன்றே போதும்.

புதிதல்லாததைக் களஞ்சியத்தில் ஏற்கக்கூடாது, தொகுதி முழுவதையும் திருப்பி அனுப்ப வேண்டும். அதுவும் என் சுற்றறிக்கைதான். முறையாகத் துடைத்தால் பழசும் உதவும், ஆனால் பழசு என்று எழுத வேண்டும், பொய் எழுத ஏலாது என்றார் ரிஸ்வி நானா. இந்தத் தடவை நான் பயப்படவில்லை. இரண்டை எடுத்து, "பாவித்தது, துடைத்தது, சரிபார்த்தது" என்று உள்ளதை உள்ளபடி எழுதி, இலக்கமும் கொடுத்து, என் கையெழுத்தையும் வைத்தேன். மிச்சத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு ஹாஜியாரிடம் போய் வாயில் வந்தபடி ஏசினேன். கொழும்பிலிருந்து வந்த மாதிரியே தந்தேன் என்று சத்தியம் பண்ணினார். வேறு தருவதாக ஒத்துக்கொண்டார். பிளேன்டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு ஆறுதலும் சொன்னார்:

"ஓடிப் பாத்த சாமான் நம்பிக்கையானது மிஸ், புதுசுதான் எந்த நேரம் உசிர் போய் மௌத்தாகும் எண்டு தெரியாது."

தாராளமாக எடுங்கள்

மறுநாள் காலை ரிஸ்வி நானாவும் நானும் கண்டக்குழிக்குப் போனோம். லொட்ஜ்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்து வரவேற்றார். மனிதர் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று பெட்டியைத் திறந்ததும் விளங்கியது. ஆள் அசைந்தால் மட்டும் பதிகிற கமரா. காற்றுக் காலத்துச் சனம் விடியலிலிருந்து பொழுதுபடும்வரை அதன் முன்னால் துள்ளியதில், ரிஸ்வி நானா சொன்ன மூன்று வாரத்துக்கு முன்பே பெட்டி நிரம்பி, பழையதை விழுங்கத் தொடங்கிவிட்டது. மிஞ்சியிருந்த முதல் படம் களவு நடந்த அதே நாள்தான், ஆனால் காலை பத்து மணி. சுபஹு நேரத்துப் படம் போய்விட்டது. நான் அங்கேயே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். லொட்ஜ்காரர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பாவம், அந்த நேரம் இல்லையே. மிச்சத்தைத் தாராளமா எடுங்க மிஸ், பத்து மணிக்குப் பிறகு காத்தும் வெளிச்சமும்தான்" என்றார்.

தாராளமாக எடுத்தோம். அலுவலகம் வந்து ரிஸ்வி நானா முதல் படத்தைப் பெரிதாக்கினார். பத்து மணி வெயிலில் லொட்ஜின் படகு மணலில் நிற்கிறது. சுபஹுக்கே களவு போன எஞ்சின் அதன் பின்புறத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. பதினொன்றரைக்கு லொட்ஜ்காரரின் மச்சானும் இன்னொருவரும் வந்து அதைக் கழற்றி, சாக்கால் மூடி, குசினிப் பக்கம் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இர்ஷாத் அதே படத்தின் மூலையில், தன் வள்ளத்துக்குப் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார். நான் கை தட்டிவிட்டேன். ரிஸ்வி நானா லேசில் சிரிக்காதவர். அன்று சிரித்தார்.

"அவர் சொன்னது உண்மைதான் மிஸ். காத்து, வெளிச்சம், அதோட ஒரு எஞ்சின்."

வந்து போனவர்

அறிக்கை இரண்டு நாளில் போய்விட்டது. ஆனாலும் தவணை வரும்போதுதான் அதைப் பிரிப்பார்கள், ஆகவே இரண்டாவது பதினாலு நாளும் முழுசாகக் கழிந்த பிறகே இர்ஷாத் வெளியே வந்தார். லொட்ஜ்காரரும் மச்சானும் உள்ளே போனார்கள். எனக்குத் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாவித்த டிஸ்க் இரண்டைக் களஞ்சியத்தில் ஏற்றதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கீழே கணக்காளரின் பென்சில் குறிப்பு வேறு, சுற்றறிக்கையை எழுதியவரே மீறலாமா என்று. மூன்று பக்கத்தில் விளக்கம் எழுதினேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு.

அந்த நினைப்பு இர்ஷாத் நேரில் வரும்வரைக்கும் இருந்தது. ஸபீனாவோடு வந்தார். மெலிந்து, தாடி வளர்ந்து, கதிரையில் உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார். நன்றி சொன்னார். காற்றுக் காலம் முடியப்போகிறது, இந்த முறை வள்ளம் கடலுக்கே போகவில்லை என்றார். அறிக்கை ஏன் முதல் தவணைக்கு வரவில்லை என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று கடை, ஐம்பது டிஸ்க், சுற்றறிக்கை, அதை எழுதியது யார் என்பது வரைக்கும். மறைக்க மனம் வரவில்லை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மரியாதையாகவே கேட்டார்:

"முதல் பதினாலு நாள லொட்ஜ்காரர்ட பேர்ல எழுதிட்டன் மிஸ், ரெண்டாவது பதினாலு நாள யார்ட பேர்ல எழுதுற?"

எங்கள் அலுவலகத்தில் ஒரு டிஸ்க் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு நகர்ந்தாலும் பொறுப்பு யாருடையது என்று கையெழுத்து வைத்துவிடுவோம். அந்தப் பதினாலு நாளுக்கு மட்டும் நான் இன்னும் வைக்கவில்லை.